முப்பத்தேழாம் ரெபரன்ஸ்

ஆகஸ்ட் 5, திங்கள்

கட்டுரை திரும்பி வந்துவிட்டது. நிராகரிக்கவில்லையாம், திருத்தச் சொல்கிறார்களாம். மூன்று பக்கக் கடிதத்தில் கான்கிரீட்டைப் பற்றி நாலே வரி. மீதியெல்லாம் ரெபரன்ஸ் பட்டியலைப் பற்றிய புலம்பல். அறுபத்திரண்டு ரெபரன்ஸில் ஒன்றுகூட அவர்கள் இதழின் முறைப்படி இல்லையாம். ஆண்டு ஒன்றில் முன்னால் இருக்கிறது, இன்னொன்றில் பின்னால் இருக்கிறது. பக்க எண் சிலவற்றில் காணவே காணோம். 26ஆம் தேதிக்குள் சரிசெய்து மறுபடி ஏற்ற வேண்டும்.

செங்கோட்டுவேல் சார் கூப்பிட்டுவிட்டார். எங்கள் சிவில் துறைத் தலைவர், என் பிஎச்டி வழிகாட்டி, இந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியர். கட்டுரையில் எழுதியிருக்கும் போர்வெல் கல் தூளை அவர் ஒருநாளும் கையால் தொட்டதில்லை. வெள்ளைச் சட்டை அழுக்காகிவிடும்.

“ஏம்மா கோகிலவாணி, இது கமா, புள்ளி வெக்கற வேலை. பொம்பளைங்கதான் பொறுமையாப் பண்ணுவீங்க. முடிச்சுக் கொண்டா.”

“சரிங்க சார்.”

பன்னிரண்டு வருடமாக இதே ‘சரிங்க சார்’. ஒருநாள் இது என் தொண்டையில் முள்ளாக நிற்கும். அன்றைக்கும் ‘சரிங்க சார்’ என்றுதான் சொல்வேன் போலிருக்கிறது.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

பதினொரு ரெபரன்ஸ் முடிந்தது. கண்ணில் நீர் வழிகிறது. அழுகை இல்லை, திரை வெளிச்சம்.

ஆகஸ்ட் 7, புதன்

வெள்ளைக்காரர்களுக்குக் குடும்பப் பெயர் முன்னால் வர வேண்டும். நமக்கு ஏது குடும்பப் பெயர்? மென்பொருள் அப்பா பெயரைத் தூக்கி முன்னால் வைத்துவிடுகிறது. பட்டியலில் நான் ‘பழனிசாமி’ ஆகிவிட்டேன். என் அப்பா பழனிசாமி ஆயுசு முழுக்க விசைத்தறி ஓட்டியவர். கான்கிரீட்டில் அவருக்கு ஆராய்ச்சிப் பட்டம் கொடுத்தாயிற்று.

கட்டுரை எதைப் பற்றி என்று கேட்டால் தனசேகர் சிரிக்கிறார். கட்டிய கணவருக்கே சிரிப்பாக இருக்கிறது. திருச்செங்கோட்டுப் பக்கம் வீட்டுக்கு வீடு போர்வெல் போடும் ரிக் வண்டிக்காரர்கள். போர் போடும்போது பூமிக்குள்ளிருந்து கல் தூள் பீறிக்கொண்டு வந்து ரோட்டோரம் குவியும். ஆற்று மணலில் நூற்றுக்கு நாற்பது பங்கை எடுத்துவிட்டு அந்தத் தூளைப் போட்டால் கான்கிரீட் இன்னும் கெட்டியாகிறது. அதற்கு மேல் போட்டால் வலிமை விழுந்துவிடுகிறது. அவ்வளவுதான் கட்டுரை.

“ரோட்டுல கெடக்கற தூளுக்கு இத்தனை பேப்பரா?” என்கிறார்.

செப்டம்பரோடு என் பதிவுக் காலம் முடிகிறது. ஒரு கட்டுரை ஏற்கப்பட்டால்தான் ஆய்வேட்டைக் கொடுக்க முடியும். பிஎச்டி இல்லாதவர்களை அடுத்த வருடம் வைத்துக்கொள்வதில்லை என்று நிர்வாகம் சுற்றறிக்கையும் விட்டுவிட்டது. இதையெல்லாம் அவரிடம் நான்கு முறை சொல்லியாகிவிட்டது. ஐந்தாம் முறை சொல்ல மாட்டேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

அறுபத்திரண்டில் பதினான்கு சாருடைய சொந்தக் கட்டுரைகள். செங்கல் பற்றி, சாக்கடைத் தண்ணீர் பற்றி, ஒன்று பாலத் திறப்பு விழாவில் பேசிய பேச்சு. எதற்கும் எங்கள் கட்டுரையோடு ஒட்டோ உறவோ இல்லை. இரண்டை எடுத்துவிடலாமா என்று கேட்டேன்.

“எதுக்கு எடுக்கணும்? பெரியவங்களை ஒறம்பரை விருந்துக்குக் கூப்பிட்டா எல சின்னதுன்னு எந்திரிக்கச் சொல்லுவியா?”

சொந்த வீட்டு விருந்துக்குத் தானே பதினான்கு இலையில் உட்கார்ந்து சாப்பிடுகிற மனிதர்.

அவர் உதவாத விஷயம் வேறொன்று. மதிப்பீட்டாளர் ஒருவர் முப்பத்தேழாம் ரெபரன்ஸைப் பிடித்துக்கொண்டார். ‘உங்கள் நாற்பது பங்குக் கலவை முழுதும் இதன்மேல் நிற்கிறது. ஆனால் இது இணையத்தில் எங்கும் கிடைக்கவில்லை. மூலத்தை ஸ்கேன் செய்து இணைக்கவும்’ என்கிறார். அது 2013இல் நடந்த ஒரு கருத்தரங்கின் தொகுப்புப் புத்தகம். அச்சடித்ததே இருநூறு பிரதிதான்.

“நூலகத்துல ஒண்ணு இருக்கும், பாரு” என்றார் சார். தலையை நிமிர்த்தவில்லை.

ஆகஸ்ட் 10, சனி

இருந்தது. நூலகர் அங்கமுத்து ஏணி போட்டு ஏறி எடுத்துக் கொடுத்தார். “மேடம், இதைப் பதினோரு வருசத்துல யாரும் தொடல” என்று ஏதோ பெருமைபோல் சொன்னார். பழைய பசை வாடை.

பக்கம் 214. தலைப்பு, கீழே ஆசிரியர்கள். முதலில் செங்கோட்டுவேல். இரண்டாவது நான்.

இது எனக்குத் தெரியாததில்லை. என் பிஎச்டி விண்ணப்பத்திலேயே இந்தக் கட்டுரையைக் காட்டித்தான் மதிப்பெண் வாங்கினேன். ஆனால் அச்சில் பார்த்துப் பல வருடம் ஆயிற்று. பெயர் சிறிய எழுத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் பளிச்சென்று தெரிகிறது.

பக்கம் 217இல் அட்டவணை. வலது ஓரத்தில் கான்கிரீட் கட்டிகளை வார்த்த தேதி, உடைத்துச் சோதித்த தேதி. வார்த்தது 19.12.2011. சோதித்தது 16.1.2012.

புத்தகத்தை மூடிவிட்டு டீ குடிக்கப் போனேன். கேன்டீன் டீ வழக்கம்போல் சகிக்கவில்லை.

ஆகஸ்ட் 12, திங்கள்

ஸ்கேன் செய்த பக்கங்களைச் சாரிடம் காட்டினேன். அட்டவணைக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்கிற அளவுக்கு அதில் அழுக்கு ஒன்றும் இல்லை.

“இந்தத் தேதி இருக்கற கட்டத்தை எடுத்துட்டு அனுப்பு.”

“ஸ்கேன்ல எப்படிங்க சார் எடுக்கறது?”

“கம்ப்யூட்டர்ல அழி. வெள்ளையடிச்சா யாருக்குத் தெரியப் போகுது? யுனிவர்சிட்டில அந்தப் பழைய பைல் இன்னும் கெடக்குது. எதுக்கு நாமளே போயிக் கிளறணும்? உனக்கும் நல்லதில்ல, பாத்துக்க.”

கடைசி வாக்கியத்தை அழுத்தம் கொடுக்காமல்தான் சொன்னார். வயிற்றில் அடிப்பவர்கள் கையை ஓங்குவதில்லை.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

அழித்தேன். சுத்தமாக வந்தது. காகிதத்தின் மஞ்சள் நிறத்தைக்கூட ஒத்துப்போகும்படி நிரப்பிவிட்டேன். இந்தக் கையைப் பிஎச்டிக்குப் பதில் வேறெங்காவது கொண்டு போயிருக்கலாம்.

ஆகஸ்ட் 15, வியாழன்

கொடியேற்றம். முதல்வர் நாற்பது நிமிடம் நேர்மையைப் பற்றிப் பேசினார். வெயிலில் ஒரு முதலாண்டுப் பெண் மயங்கி விழுந்தாள். அப்போதும் நிறுத்தவில்லை.

எழுதிவிடுகிறேன். யாரும் படிக்கப் போவதில்லை.

இதே கல்லூரியில் எம்.இ. படிக்கும்போது என் வகுப்பில் யமுனாதேவி என்று ஒருத்தி இருந்தாள். அவள் அப்பா ரிக் வண்டியில் டிரில்லர். முதல் மாதமே சாக்குச் சாக்காகப் போர் தூளைக் கொண்டுவந்து ஆய்வகத்தில் இறக்கினாள். எனக்கு அவளை ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது. முதல் வரிசையில் உட்கார்வாள். வாத்தியார் கேட்காத கேள்விக்கும் பதில் சொல்வாள். விடுதியில் எனக்குப் பக்கத்துக் கட்டில். என் எண்ணெய், என் சீப்பு எல்லாம் எடுத்துக்கொள்வாள், கேட்காமலே.

நாற்பது பங்கு என்று கண்டுபிடித்தது அவள்தான். சார்தான் அவளுக்கும் வழிகாட்டி. கட்டுரையில் அவர் பெயரை முதலில் போடச் சொன்னார். அவள் மாட்டேன் என்றாள், தானே ஒரு கருத்தரங்குக்கு அனுப்பிவிட்டாள். அடுத்த வாரமே அவள்மேல் விசாரணை வந்தது. கட்டியை வார்த்த இருபத்தெட்டாம் நாள் உடைத்துப் பார்க்கும் வலிமைச் சோதனையை அவள் செய்யவே இல்லை, எண்களைத் தானாக எழுதிக்கொண்டாள் என்று. ஏனென்றால் அந்த இருபத்தெட்டாம் நாள் மாட்டுப் பொங்கல். கல்லூரிக்கு விடுமுறை.

கான்கிரீட்டுக்குப் பொங்கல் தெரியுமா? இருபத்தெட்டு நாள் என்றால் இருபத்தெட்டு நாள்தான்.

ஆய்வகம் அன்று பூட்டியிருந்தது என்று ஒரு வாக்குமூலம் கேட்டார்கள். யமுனாவைத் தவிர அன்று விடுதியில் இருந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் என்னிடம் கேட்டார்கள். எழுதிக் கொடுத்தேன். அப்போதெல்லாம் சாவி வாட்ச்மேனிடம் இருக்கும் என்று நினைக்கிறேன். சரியாக ஞாபகமில்லை. யமுனாவைப் பட்டம் இல்லாமல் அனுப்பிவிட்டார்கள். ஜூனில் எனக்கு இங்கே வேலை கிடைத்தது. மதிப்பெண் அடிப்படையில்தான் கிடைத்தது.

பொய்யென்று சொன்ன அதே எண்களை அடுத்த வருடம் சார் கருத்தரங்கில் படித்தார். கூட என் பெயரும். சோதித்த தேதியை மாற்ற வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அவ்வளவு தைரியமாக இருந்திருக்கிறோம்.

போன வருடம் பிஎச்டிக்காக நானே வார்த்து நானே உடைத்தேன். அவள் எண்ணுக்கும் என் எண்ணுக்கும் நூற்றுக்கு ஒன்றரைகூட வித்தியாசமில்லை.

ஆகஸ்ட் 16, வெள்ளி

முன்னாள் மாணவர்கள் வாட்ஸ்அப் குழுவில் விசாரித்தேன். சங்ககிரி ரோட்டில் ஹாலோபிளாக் கல் போடுகிறாளாம்.

கட்டுரையின் கடைசியில் ‘நன்றி’ என்று ஒரு பத்தி உண்டு. அதில் அவள் பெயரைப் போட்டுவிட்டால் விஷயம் முடிந்துவிடும். சார் அந்தப் பத்தியைப் படிக்கவே மாட்டார். ஆனால் இந்த இதழ் விடாக்கண்டன். நன்றியில் யார் பெயர் வந்தாலும் அவர்கள் சம்மதித்துக் கையெழுத்திட்ட தாள் வேண்டுமாம்.

ஆகஸ்ட் 17, சனி

போய்வந்தேன். போயிருக்கவே கூடாது.

ரோட்டை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. அச்சு இயந்திரம் தடதடவென்று ஆடிக்கொண்டிருந்தது. வரிசை வரிசையாகச் சாம்பல் கற்கள், ஈரச் சாக்கு போர்த்தியபடி. யமுனா நைட்டிமேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு ஓஸ் பைப்பில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள். முடி முன்பக்கம் நரைத்துவிட்டது.

என்னைப் பார்த்தாள். குழாயை நிறுத்தவில்லை.

“எத்தனை கல்லு வேணும்?”

“யமுனா, நான் கோகிலா.”

“தெரியுது. எத்தனை கல்லு?”

“கல்லு வாங்க வரல.”

“இங்க கல்லுதான் விக்கறோம்.”

வேலையாட்கள் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான் பையிலிருந்து தாளை எடுத்தேன். வெளிநாட்டு இதழில் கட்டுரை வரப்போகிறது, உனக்கு நன்றி சொல்லி ஒரு வரி எழுதியிருக்கிறேன், கையெழுத்து மட்டும் போதும் என்றேன். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கி உரக்கப் படித்தாள்.

“‘பயனுள்ள கலந்துரையாடலுக்காக’. எப்பக் கலந்து உரையாடினோம் நாம? என்னை ஆஸ்டல்ல இருந்து பொட்டியோட வெளிய அனுப்பினாங்களே, அன்னைக்கா? நீ பாத்ரூம்ல போய்க் கதவைச் சாத்திக்கிட்டே. நான் அரை மணி நேரம் வெளிய நின்னேன்.”

அவள் தாளைத் திருப்பி வெற்றுப் பக்கத்தையும் பார்த்தாள்.

“அந்தக் கான்பரன்ஸ்க்கு நானும் வந்திருந்தேன், தெரியுமா? கடைசி வரிசை. பொய்க் கணக்குன்னு என்னைத் தொரத்திப்போட்டு அதே டேபிளைப் பெருசா ஸ்கிரீன்ல போட்டீங்க. எல்லாரும் கை தட்டினாங்க. நானும் தட்டினேன். என்னோட டேபிளாச்சே.”

“அப்ப எனக்கு வேற வழி இல்ல யமுனா. எங்கப்பாவுக்குத் தறியில கை போயிருந்துச்சு. வீட்ல...”

“உங்கப்பாவுக்கு ஆஸ்பத்திரில ரத்தம் குடுத்தது யாரு?”

அவள்தான் கொடுத்தாள். அதை இப்போது எதற்குச் சொல்ல வேண்டும்? கொடுத்ததைச் சொல்லிக் காட்டுகிறவர்கள் கொடுக்காமலே இருக்கலாம்.

தாளை என் கையில் திணித்தாள்.

“உன்ற நன்றி எனக்கு வேண்டாம். யுனிவர்சிட்டில என் பேருக்கு எதிரா உன்ற கையெழுத்துல ஒரு காயிதம் கெடக்குது. அது பொய்னு இன்னொரு காயிதம் எழுதி அங்க குடு. நான் திரும்பப் படிக்கப் போறதில்ல. கல்லு போட்டு நல்லாத்தான் இருக்கேன். ஆனா அந்தக் காயிதம் அங்க இருக்கக் கூடாது.”

“குடுத்தா என் பிஎச்டி போயிரும். வேலையும் போயிரும்.”

“ஓகோ” என்றாள். “வழியில நிக்காத, லாரி வருது.”

ஆகஸ்ட் 19, திங்கள்

என்ன திமிர். ஹாலோபிளாக் விற்கிறவளுக்கு இவ்வளவு வாய். நன்றி என்று வந்தவளை வேலைக்காரர்கள் முன்னால் வைத்து... பன்னிரண்டு வருடத்தில் ஒரு போன் பண்ணியிருப்பாளா? நான்தான் பண்ணியிருக்க வேண்டுமா?

இன்று ஒன்பது ரெபரன்ஸ். நாற்பத்தெட்டு முடிந்தது.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

ஐம்பத்திரண்டாவது ஜப்பான்காரர்கள் எழுதியது. ஏழு ஆசிரியர்கள். ஆறு பேருக்கு மேல் போனால் மூன்று பெயரை மட்டும் எழுதி ‘மற்றும் பலர்’ என்று முடித்துவிடலாம். நான்கு பேரை ஒரு சொல்லில் தள்ளிவிட்டேன். மனசாட்சி உறுத்தவில்லை, விதிதானே.

தனசேகர் கேட்டார்: “ஞாயித்துக்கெழமையில இருந்து யாரு மேல கோவம்? எம் மேலன்னா சொல்லிரு, நானும் கோவிச்சுக்கறேன்.”

யார்மேலும் இல்லை என்றேன்.

ஆகஸ்ட் 21, புதன்

முடிந்தது. அறுபத்திரண்டும். ஒவ்வொரு புள்ளியும் அதனதன் இடத்தில். திரையில் பார்க்க அழகாக இருக்கிறது. முப்பத்தேழுக்கு வந்ததும் கண் நின்றுவிடுகிறது. வடிவத்தில் ஒரு குறையும் இல்லை. ஆசிரியர், ஆண்டு, தலைப்பு, தொகுப்பு, பக்கம் எல்லாம் விதிப்படி. ஒரே ஒரு சங்கதிதான் பொய், அதுவும் முதல் சங்கதி.

ஆகஸ்ட் 22, வியாழன்

சாருக்குக் காட்டினேன். பட்டியலைப் படிக்காமல் எண்ணிக்கையை மட்டும் பார்த்தார். தன் பதினான்கும் இருக்கிறதா என்று விரல் விட்டு எண்ணினார். இருந்தது.

“அந்த ஸ்கேன்?”

“சரி பண்ணிட்டனுங்க சார்.”

“கெட்டிக்காரி. திங்கக்கெழமை ஏத்திரு. டிசம்பர்ல வைவா வெச்சறலாம். டாக்டர் கோகிலவாணி!” என்று சொல்லிச் சிரித்தார். முதுகில் தட்டவும் கை நீண்டது. நான் குனிந்து கீழே விழாத பேனாவைத் தேடினேன்.

வராந்தாவில் வரும்போது ‘டாக்டர் கோகிலவாணி’ என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். கழிவறைக்குப் போய் வாந்தி எடுத்தேன். கேன்டீன் டீதான் காரணமாக இருக்கும்.

ஆகஸ்ட் 24, சனி

எழுதிவிட்டேன். காலை பத்து மணிக்கு உட்கார்ந்தேன், ஒன்றரைக்கு முடிந்தது. ஒரு பக்கம்தான்.

‘16.1.2012 அன்று ஆய்வகம் பூட்டியிருந்தது என்று நான் அளித்த வாக்குமூலம் உண்மையல்ல. அன்று ஆய்வகம் திறந்திருந்தது. செல்வி யமுனாதேவி சோதனையைச் செய்தார். 2013 கட்டுரையின் எண்கள் அவருடையவை.’ இப்படிப் போகிறது. கூடவே தேதி அழிக்காத பழைய ஸ்கேனை வைத்தேன். பல்கலைக்கழகத்துக்குப் பதிவுத் தபால். இதழாசிரியருக்கு மின்னஞ்சல். அதில் நான் அழித்ததையும் சொல்லிவிட்டேன். சங்ககிரி ரோட்டு முகவரிக்கு ஒரு நகல்.

நல்ல மனதில் செய்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவளுடைய ‘ஓகோ’வைத் தாங்க முடியவில்லை, அதனால்தான்.

தனசேகரிடம் சொன்னேன். டிவியை அணைத்தார். பிறகு, “இதை முன்னாடியே எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே” என்றார். எதை முன்னாடி? பன்னிரண்டு வருடம் முன்னாடியா, காலையிலா என்று நான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 26, திங்கள்

இதழாசிரியர் சாருக்கே நேராக எழுதிக் கேட்டுவிட்டார். ஒன்பதரைக்குச் சார் என்னைக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். நான் சாத்தவில்லை.

“யாருக்கு எதிரா எழுதியிருக்கே தெரியுதா உனக்கு?”

“தெரியுமுங்க சார். எனக்கு எதிராவுந்தான் எழுதியிருக்கேன்.”

“உனக்கு வேல போட்டுக் குடுத்தது யாரு? அள்ளி அள்ளி மார்க் போட்டது யாரு? ரிஜிஸ்ட்ரேஷன் ரெண்டு தடவை நீட்டிக் குடுத்தது யாரு? சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டியேம்மா.”

“நீங்க சொல்லித்தானுங்க சார் அந்தக் காயிதம் எழுதினேன்.”

“நான் சொன்னேன். எழுதினது உன்ற கை. நான் எங்கயாவது கையெழுத்துப் போட்டிருக்கனா? தேடிப் பாரு.”

அது உண்மை. எங்கும் போடவில்லை. எழுத்தர் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். சார் மேசையிலிருந்த என் ஆய்வேட்டு நகலைத் தூக்கித் தரையில் போட்டார். எறியவில்லை, போட்டார். அவருக்கு எப்போதும் நிதானம் உண்டு. நான் குனிந்து எடுக்காமல் வெளியே வந்தேன்.

‘சரிங்க சார்’ சொல்லவில்லை. இப்போதுதான் கவனிக்கிறேன்.

செப்டம்பர் 4, புதன்

கட்டுரையைத் திரும்பப் பெற்றதாக இதழிலிருந்து இரண்டு வரி. கல்லூரியிலிருந்து மெமோ. ‘நிறுவனத்தின் நற்பெயருக்குக் களங்கம்’. விசாரணை முடியும்வரை பணிக்கு வர வேண்டாமாம். வழிகாட்டி என்னை விடுவித்துவிட்டார், ஆகவே பிஎச்டியும் முடிந்தது. சாருக்கு மெமோ இல்லை. அவர்தான் விசாரணைக் குழுவை அமைக்கிறார்.

ஆசிரியர் அறையில் யாரும் முகம் பார்க்கவில்லை. அங்கமுத்து மட்டும் வாசல்வரை வந்து, “மேடம், நூலகப் புத்தகம் ரெண்டு பாக்கி இருக்குதுங்க” என்றார்.

செப்டம்பர் 10, செவ்வாய்

வீட்டில். பரண் துடைத்தேன்.

செப்டம்பர் 14, சனி

மதியம் யமுனா வந்தாள். மொபெட்டில். கையில் நான் அனுப்பிய நகல். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கூடத்தில் நின்றுகொண்டே தாளை விரித்தாள்.

“யுனிவர்சிட்டில இருந்து என்னைக் கூப்பிட்டு விசாரிச்சாங்க. பழைய பைலை எடுத்திருக்காங்க.”

“நல்லதுதானே.”

“நல்லது இருக்கட்டும். ‘ஆய்வகம் திறந்திருந்தது’ன்னு எழுதியிருக்கே. எப்படித் தொறந்திருந்துச்சு? காத்தடிச்சுத் தொறந்துச்சா?”

சமையலறையில் குக்கர் கத்தியது, அதை அணைக்கப் போனேன். திரும்பி வந்தபோதும் அதே இடத்தில் நின்றிருந்தாள்.

“அவங்களும் அதையேதான் கேக்கறாங்க. சாவி யாருகிட்ட இருந்துச்சுன்னு. நான் பூட்டை ஒடைச்சு உள்ள போனேன்னு உங்க சார் இப்பச் சொல்றாராம். சொல்லு, யாரு தொறந்தா?”

“யமுனா, எனக்கு எல்லாம் போயிருச்சு. இதுக்கு மேல என்ன வேணும் உனக்கு?”

“யாரு தொறந்தா?”

தனசேகர் உள் அறையிலிருந்து வந்து நின்றார். அவர் முன்னால் சொல்ல வேண்டியிருந்ததுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

மேசையில் உட்கார்ந்து எழுதினேன். ‘வகுப்புப் பிரதிநிதி என்ற முறையில் ஆய்வகச் சாவி என்னிடம் இருந்தது. மாட்டுப் பொங்கல் அன்று காலை எட்டு மணிக்கு நான்தான் பூட்டைத் திறந்தேன். யமுனாதேவி கட்டியை இயந்திரத்தில் வைக்க, நான் எண்களைப் படித்தேன். அவர் எழுதிக்கொண்டார். ஒன்பது கட்டிகளையும் சேர்ந்தே உடைத்தோம். பிறகு நான்தான் பூட்டினேன்.’ கையெழுத்துப் போட்டேன். பூட்டைத் திறந்த கையும் பொய் எழுதிய கையும் இதே கைதான். அதை மட்டும் எழுதவில்லை.

அவள் இரண்டு முறை படித்தாள். மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தாள். தண்ணீர் கொண்டுவந்தேன். வாங்கவில்லை.

வாசலில் செருப்பை மாட்டும்போது கேட்டாள்.

“நான் தனியா ஒரு கான்பரன்ஸ்க்கு அனுப்பினனே, அந்தப் பேப்பரை நீ பாத்ததே இல்லியா?”

“இல்ல. சார்தான் உன்கிட்ட இருந்து வாங்கி வெச்சுக்கிட்டாரு.”

“அவரும் சொல்லலியா?”

“என்னத்தை?”

“ரெண்டாவது பேரு உன்னோடது. ஒன்பது கட்டிக்கும் ரீடிங் பாத்தது நீதானே. போடாம இருப்பனா?”

மொபெட்டை மிதித்துக் கிளப்பினாள். நான் செருப்பில்லாமல் வாசலில் இறங்கினேன். அதற்குள் தெருமுனை திரும்பிவிட்டாள்.

உள்ளே வந்தேன். “யாரு பேரு? என்ன பேப்பரு?” என்று தனசேகர் கேட்டார். சொன்னேன். சொல்லும்போது குரல் சரியாகத்தான் வந்தது. பாதியில் அவர் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தினார். அக்கம்பக்கத்துக்குக் கேட்கிறது என்றார். அப்போதுதான் நான் கத்திக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்தது.